மூன்றாவது நோடின் கேபிள்

ஜூன் 2, திங்கள்

இந்த டைரியை ஜனவரியில் ஒரு நகைக் கடையில் என் மனைவி செண்பகத்துக்குக் கொடுத்தார்கள். மேலட்டையில் மகாலட்சுமி. ஐந்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்ததை நான் எடுத்துக்கொண்டேன். பெங்களூரில் இருந்த இருபது வருஷமும், எந்த மெஷினில் எதை மாற்றினாலும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதிவிடுவது என் பழக்கம். வேலையை விட்டு அனுப்பிய அன்று அடையாள அட்டையோடு அந்த நோட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பாளையங்கோட்டைக்கு வந்து இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஐந்து மாதம் முடிந்துவிட்டது. ஜூன் முப்பதில் என்னை நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நாற்பத்தேழு வயதுக்காரனை இனி எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான். முப்பது பேட்டிக்குப் போய்விட்டுத்தான் இதையே பிடித்தேன்.

ஆஸ்பத்திரிக்கென்று சொந்தமாக ஒரு கிளவுட் உண்டு. பெயர்தான் மேகம். இருப்பது மூன்றாவது மாடியில், சலவைத் துணி அடுக்கும் அறைக்குப் பக்கத்தில். அதில் இரண்டு பெரிய மெஷின்கள். நாங்கள் நோடு என்போம். லேப், மருந்துக் கடை, அட்மிஷன் எல்லாம் அவற்றுக்குள்தான் ஓடுகின்றன. இன்று மூன்றாவது நோடு வந்து இறங்கியது. இனி ஸ்கேன் படங்கள் முழுவதும் அதில். நெட்வொர்க் அமைப்பது என் வேலை. கேபிள் போடுவது பேச்சிமுத்து அண்ணாச்சி வேலை.

ஜூன் 4, புதன்

அண்ணாச்சி காலையிலேயே கேபிளை இழுத்து முடித்துவிட்டார். என்னைவிட ஒரு வயது சின்னவர். பதினாறு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சுவருக்குள் எந்தக் கேபிள் போகிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் எழும்புகிற நாலு மாடிப் புதுக் கட்டடத்துக்கும் கேபிள் வேலை அவருக்கே என்று ஜோயல் சார் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். ஜோயல் தனராஜ் எங்கள் பிரிவின் தலைவர். "ரெண்டு வருசமா அந்தக் கட்டடத்தப் பாத்துக்கிட்டே இருக்கேன் சார். தூணு எழும்ப எழும்ப எனக்குத் தூக்கம் போயிட்டு," என்று சிரித்தார் அண்ணாச்சி.

மதியத்துக்குள் என் வேலையும் முடிந்தது. முகவரி கொடுத்தேன், மற்ற இரண்டு நோடுகளோடு இணைத்தேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு நோடு இன்னொன்றுக்கு எதை அனுப்பினாலும் அதன்மேல் ஓர் உறை போட்டுத்தான் அனுப்பும். உறையோடு சேர்ந்து பொட்டலம் சற்றுப் பெரிதாகிவிடும். எனவே புது நோடின் வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். கட்டளை அடித்தேன், அகலமாயிற்று. அதையே மெஷினின் அமைப்பு ஃபைலிலும் ஒரு வரியாக எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் மெஷின் அணைந்து எழும்போது மறந்துவிடும். அதற்குள் ஜோயல் சார் போனில் கூப்பிட்டார். டாக்டர் வஹிதா ஸ்கேன் அறையில் காத்திருக்கிறார், உடனே வந்து காட்டுங்கள் என்றார். ஓடினேன். தலை ஸ்கேன் ஒன்று இரண்டு விநாடியில் திறந்தது. டாக்டரம்மா சிரித்தது இதுவே முதல் தடவை என்று நர்ஸ் சொன்னார்.

செண்பகத்திடம் சொன்னேன். கேசரி கிண்டினாள்.

ஜூன் 8, ஞாயிறு

யுபிஎஸ் மாற்றினார்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எல்லா மெஷினையும் அணைத்தோம். சும்மா நிற்கிற நேரத்தில் அண்ணாச்சி புது நோடின் கேபிள்களைக் கழற்றி, நிறம் பிரித்து, சீவி முடித்துப் பட்டை போட்டுக் கட்டி மறுபடி செருகினார். கேபிள் கோணலாகத் தொங்கினால் அவருக்குப் பொறுக்காது. கல்யாணப் பெண்ணுக்குச் சடை பின்னுகிற கவனம். முடித்துவிட்டு, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டார்.

ஜூன் 9, திங்கள்

ஸ்கேன் படம் பாதியில் நிற்கிறது. நோயாளி பெயர் வருகிறது, வயது வருகிறது, படம் மேலிருந்து கொஞ்சம் வந்து அப்படியே உறைந்துவிடுகிறது. சின்னச் சின்ன விஷயமெல்லாம் போய் வருகிறது. பெரிதுதான் போக மாட்டேன் என்கிறது.

ஜோயல் சார் மேலே வந்தார். "சனிக்கிழமை வரைக்கும் நல்லா ஓடிச்சுல்லா நயினார். ஞாயித்துக்கிழமை யாரு தொட்டா?"

"யுபிஎஸ் மாத்துனாங்க சார். பேச்சிமுத்து கேபிளக் கழத்தி மாட்டுனாரு."

நடந்ததைத்தான் சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

அண்ணாச்சி டெஸ்டரை மாட்டிக் காட்டினார். எட்டு விளக்கும் வரிசையாகப் பச்சையாக எரிந்தன. "பாருங்க சார், கேபிள்ல ஒண்ணுமில்ல." ஆனாலும் முனைகளை வெட்டி, புது பிளக்கை வைத்து நசுக்கிக் கிரிம்ப் செய்து போட்டார். படம் பாதியில் நின்றது. மறுபடி வெட்டினார். மறுபடி நின்றது. சாயங்காலம் புதுக் கேபிளையே இழுத்துவிட்டார். அதற்கும் அதே கதை.

ஜூன் 11, புதன்

தங்கராஜபுரம் பக்கத்தில் பைக்கிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தலையில் அடி. ஸ்கேன் எடுத்தும் நாற்பது நிமிஷம் படத்தைத் திறக்க முடியவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. டாக்டர் வஹிதா நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

கேபிள் கெட்டிருந்தால் மெஷினில் பிழை எண்ணிக்கை ஏறும். எடுத்துப் பார்த்தேன். பூஜ்யம். அந்த எண்ணிக்கையையும் எந்த அளவுக்கு நம்புவது. சில நேரம் பொய் சொல்லும்.

ஜூன் 12, வியாழன்

மீட்டிங். டாக்டரம்மாவின் கடிதத்தை வாசித்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பதாம் தேதி என்பதைத் தவிர என் மண்டைக்குள் ஒன்றும் இல்லை.

"கேபிள்தானா?" என்றார் ஜோயல் சார்.

"இருக்கலாம் சார்," என்றேன்.

மினிட்ஸ் மாலையில் மெயிலில் வந்தது. 'கேபிள் கோளாறு உறுதிசெய்யப்பட்டது' என்றிருந்தது. நான் சொன்னது இருக்கலாம் என்று. அதைத் திருத்தச் சொல்லிப் பதில் அனுப்பவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அண்ணாச்சியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேட் பாஸை வாட்ச்மேன் வாங்கிக்கொண்டார். பதினாறு வருஷத்தில் படம் நாலு தடவை மாறிய பாஸ். நான் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பார்த்துவிட்டு அவரே வந்தார்.

"சார், நான் மூணு தடவ மாத்திப் பாத்துட்டேன். எங்க தப்புன்னு எனக்கே பிடிபடல. உங்க பேரும் கெட்டுப்போச்சேன்னுதான் வருத்தமா இருக்கு."

என் பேரைப் பற்றி அவர் வருத்தப்பட்டார். நான் லிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஜோயல் சார் வரவழைத்த மதுரைக் கேபிள் கம்பெனி ஆட்கள் வந்து எல்லாக் கேபிளையும் மாற்றிவிட்டு மதியம் கிளம்பினார்கள். மூன்று மணிக்குப் படம் திறந்தது. டாக்டர் வஹிதா நன்றி சொன்னார். ஜோயல் சார் முதுகில் தட்டினார்.

வேறொன்றும் இல்லை.

ஜூன் 18, புதன்

நேற்று எழுதியது முழுக்க உண்மை இல்லை. நகைக் கடை டைரியிடம் பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம்.

மதுரைக்காரர்கள் கிளம்பிய பிறகு நான் தனியாக ஒரு படத்தைத் திறந்து பார்த்தேன். பாதியில் நின்றது. புதுக் கேபிள், புது முனை, அதே பாதி. அறைக் கதவைச் சாத்திவிட்டு முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புது நோடின் வாசல் அகலமாக இல்லை. பழைய அளவிலேயே இருந்தது. ஃபைலைத் திறந்தேன். அந்த வரி இல்லை.

நாலாம் தேதி கட்டளை அடித்தேன். ஃபைலில் எழுதவில்லை. எட்டாம் தேதி மெஷினை அணைத்து எழுப்பியதும் அது மறந்துவிட்டது. உறை போட்ட பெரிய பொட்டலம் வாசலில் முட்டி நின்றது, சின்னது நுழைந்து போனது. அன்றைக்கே அண்ணாச்சி கேபிளைச் சீவிக் கட்டினார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

ஒரே வரி. எழுத அரை நிமிஷம் ஆகவில்லை. எழுதினேன், படம் திறந்தது, கீழே போன் செய்தேன். "மதுரைக்காரன் மதுரைக்காரன்தான்" என்றார் ஜோயல் சார். நான் மறுத்துப் பேசவில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. கட்டளை அடித்தால் ஃபைலில் எழுது, மெஷினை ஒருமுறை அணைத்து எழுப்பிப் பார். இருபது வருஷம் சொல்லியிருக்கிறேன். ஊருக்கு உபதேசம்.

முப்பதாம் தேதி முடியட்டும். ஆர்டர் கைக்கு வந்த மறுநாள் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நாள்தானே.

ஜூன் 20, வெள்ளி

கிளை ஆஸ்பத்திரிகள் நான்குக்கும் ஜோயல் சார் மெயில் அனுப்பிவிட்டார். பேச்சிமுத்துவை எந்த வேலைக்கும் கூப்பிட வேண்டாம், கேபிள் தரம் சரியில்லை, நம் நெட்வொர்க் இன்ஜினியர் சோதித்து உறுதிசெய்தார் என்று. நெட்வொர்க் இன்ஜினியர் நான்தான். என் முழுப் பெயரும் அதில் இருக்கிறது. ஆறுமுகநயினார். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் போட்டிருக்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றது அண்ணாச்சி. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. செண்பகம் அவரிடம் நலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சார், ஒண்ணு கேக்கணும்," என்று என்னைத் தனியே அழைத்துப் போனார். "மதுரைக்காரங்க என்ன தப்புன்னு ஏதும் சொன்னாங்களா? முனையிலயா, நடுவுலயா? தெரிஞ்சா அந்தத் தப்ப மறுபடி பண்ணாம இருப்பேன்லா."

"அவங்க ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி."

"கண்ணுல ஏதும் கோளாறான்னு போயி பாத்தேன். டாக்டரு படிக்க மட்டும் ஒரு கண்ணாடி எழுதிக் குடுத்திருக்காரு. கலர் வித்தியாசம் தெரியுதான்னும் ஒரு சோதன வச்சாவ. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்குங்காரு. அப்போ கையிலதான் ஏதோ. போன வாரம் ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டாவ. ஒவ்வொரு முனையையும் நாலு தடவ சோதிச்சேன். அப்பவும் மனசு ஒத்துக்கல. பாதியில வேற ஆளக் கூட்டிக்கோங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

கத்தரிக்காயில் பாதி சொத்தை என்று வீட்டில் செண்பகம் திட்டினாள்.

ஜூன் 26, வியாழன்

லேப் பிரிண்டரில் பேப்பர் சிக்கியது. எடுத்தேன். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 30, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. நிரந்தரம். ஜோயல் சார் எழுந்து நின்று கைகொடுத்தார். ஸ்கேன் பிரச்சினையை நான் நிதானமாகக் கையாண்டதாக அதில் ஒரு வரி தனியாகவே போட்டிருந்தார்கள்.

செண்பகம் காந்திமதி அம்மன் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். பெங்களூரில் வேலை போனதிலிருந்து அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வீட்டுக்கார அம்மாள் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

ஜோயல் சார் லீவு.

ஜூலை 2, புதன்

ஜோயல் சார் வந்திருந்தார். இரண்டு தடவை அறை வாசல் வரை போய்விட்டு வந்தேன். ஒரு தடவை அவர் போனில் இருந்தார். இன்னொரு தடவை சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 4, வெள்ளி

சாப்பிட முடியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். செண்பகம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆர்டர் வந்த அன்னைலேருந்து எழவு விழுந்த வீடு மாதிரி உக்காந்திருக்கிய. என்னன்னு சொல்லுங்க."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், தேதி உட்பட. பிறகு கேட்டாள், "அந்த அர்ச்சன யாருக்குப் பண்ணினேன் நானு?"

அவளே தொடர்ந்து சொன்னாள். "மொதல்ல அந்த மனுசன் வீட்டுக்குப் போங்க. கையில கோளாறுன்னு நெனச்சிட்டு உக்காந்திருக்காருல்லா. வேல போனாப் போகட்டும். நாம பாக்காததா."

தைரியமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நெடுநேரம் பாத்திரம் தேய்த்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். மேலப்பாளையம் தாண்டி, ஓட்டு வீடு. முன்னறையில் கேபிள் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பழைய சேலை போட்டு மூடியிருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார் அண்ணாச்சி. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை அப்படியே ஒப்பித்தேன். ஃபைலில் ஒரு வரி எழுத மறந்தது நான், அதனால்தான் படம் நின்றது, உங்கள் கேபிளில் ஒரு குறையும் இல்லை என்று.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றுதான் போனேன். அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ என் கேபிள்ல ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"ஏட்டி, இங்க வா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அவர் மனைவி ஈரக்கையோடு வந்து நின்றார். "சார் சொல்லுதத நீயும் கேளு. சார், இன்னொரு தடவ சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னேன். அந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்போ சார் தெரிஞ்சுது இது?"

பதில் சொல்ல ஒரு கணம்தான் ஆனது. "முந்தாநாத்து," என்றேன். "வெள்ளிக்கிழம ஃபைலப் பாத்துக்கிட்டு இருக்கும்போது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொல்லத்தான் போனேன். பத்தொன்பது நாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"பாத்தியா," என்றார் மனைவியிடம். "தெரிஞ்ச கையோட வந்துட்டாரு. வேற ஒருத்தனா இருந்தா அமுக்கிட்டுல்லா போயிருப்பான்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "மறக்காத ஆளு யாரு சார் இருக்கா. மறந்தத ஒத்துக்கிட்டு வீடு தேடி வாரான் பாருங்க, அவன்தான் பெரிய மனுசன்."

காபி கொடுத்தார்கள். குடித்தேன்.

கிளம்பும்போது கேட்டார், "ஜோயல் சார்ட்டயும் ஒரு வார்த்த சொல்லிருவியள்லா? அந்தப் புதுக் கட்டடம் இன்னும் யாருக்கும் முடிவாகலன்னு கேள்விப்பட்டேன்."

"நாளைக்குக் காலையிலேயே சொல்லுதேன்."

"அப்போ நானும் காலையில வந்துருதேன். கேட்லயே இருக்கேன். நீங்க சொல்லிட்டுக் கூப்பிட்டாப் போதும்."

செண்பகம் கேட்டாள், சொல்லிவிட்டீர்களா என்று. சொல்லிவிட்டேன் என்றேன். நிம்மதியாகத் தூங்குகிறாள்.

ஜூலை 7, திங்கள்

ஒன்பது மணிக்கு ஜோயல் சார் அறைக்குள்ளேயே போய்விட்டேன். வாயைத் திறப்பதற்குள் அவரே ஒரு தாளை நீட்டினார். புதுக் கட்டடத்துக்கு நெட்வொர்க் பொறுப்பு முழுவதும் எனக்கு. கேபிளுக்கு மதுரைக் கம்பெனியின் பெயரை எழுதி, பரிந்துரைத்தவர் என்ற இடத்தை என் கையெழுத்துக்காக விட்டிருந்தார்கள்.

"பேச்சிமுத்து விசயத்துல ஒரு தடவ சூடு பட்டாச்சு. இனி ரிஸ்க் எடுக்க முடியாது. என்ன நயினார், ஏதோ சொல்ல வந்தீங்களே?"

ஒன்றுமில்லை சார் என்றேன். பேனா அவருடையது. கையெழுத்துப் போட்டேன்.

பத்தரைக்கு ரிசப்ஷனிலிருந்து போன். "சார், பேச்சிமுத்து அண்ணாச்சி கேட்ல நிக்காவ. நீங்க வரச் சொன்னியளாம்."

"மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லுங்க."

மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து கேட் தெரியும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். போகிற வருகிற நர்ஸெல்லாம் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எல்லோரிடமும் சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னார். என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லியிருப்பார். ஒரு மணிக்கும் நின்றார். நாலு மணிக்கும் நின்றார். நான் சலவை வண்டி போகிற பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன்.

செண்பகத்திடம், ஜோயல் சார் யோசித்துச் சொல்கிறேன் என்றார் என்று சொன்னேன். நம்பினாள்.

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் வந்திருக்கிறார். கிரிம்பிங் கருவிகள் வைக்கிற பையையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வாட்ச்மேன் அவருக்கு நிழலில் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன்.